இரண்டாவது வரி

அத்தியாயம் 14

சடையப்பன் என்ற பெயரை எடுக்கப் போவதில்லை.

காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போதே ஹேமாவதி முடிவு செய்துவிட்டாள். இனி இதை இரண்டு பேரிடம் சொல்ல வேண்டும். ஒருவர் அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் முதல்வர். இன்னொருவர் கூடத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் குணாளன். முதல்வரிடம் சொல்வது சுலபம் என்று தோன்றியது.

ஏழே வரிக் கவிதைதான். அதற்குத்தான் ஒரு வாரமாக வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருக்கிறார்கள்.

நண்பகல் வெயிலில்
இரும்பின் மடியில் கண்ணயர்ந்தான்
சடையப்பன்.
எழுப்ப வேண்டாமென்று
இரண்டு மணிச் சங்கை
ஊதாமல் நின்றது
ஆலை.

இரண்டு வருடத்துக்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் செத்துப்போனவன் சடையப்பன். கிரேனுக்குக் கீழே படுத்துத் தூங்கிவிட்டான், இறக்கிய இரும்புக் கட்டு அவன்மேல் இறங்கிவிட்டது என்று குணாளன்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னான். அந்த ஷிப்டுக்கு அவன்தான் இன்சார்ஜ். அன்று அவன் சாப்பிடவில்லை. ஹேமாவதி இந்தக் கவிதையை எழுதினாள்.

இருபத்திநான்கு வருடமாகத் தமிழ்ப் பேராசிரியை, மூன்று கவிதைத் தொகுப்புகள். பழவேற்காடு ஏரியில் வலை போட்ட செங்கல்வராயனின் மகள். அவர்கள் குப்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண். இத்தனை எழுதியும் ஊர் திருப்பித் திருப்பிச் சொல்வது இந்த ஏழு வரியைத்தான். குறிப்பாக அந்த இரண்டாவது வரியை. 'இரும்பின் மடி' என்று ஒரு விமர்சகர் கட்டுரைக்கே தலைப்பு வைத்தார்.

இந்த வருடம் கல்லூரியின் முதலாண்டுத் தமிழ்ப் பாடநூலில் அது சேர்ந்தது. வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் தேர்ந்தெடுத்தார்கள். துறைத்தலைவியான ஹேமாவதி அன்று கூட்ட அறைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. போன வாரம்தான் மில்லிலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்தது. அந்த மில் கல்லூரிக்குப் புது நூலகம் கட்டித் தருகிறது. கவிதை இருக்கலாம், பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள்.

"இன்னா முடிவு பண்ண?" குணாளன் நிமிராமலே கேட்டான்.

"பேரு இருக்கும்."

"இருக்கும்னா?"

"எடுக்கலன்னு அர்த்தம்."

குணாளன் லேஸை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நேத்து ஜி.எம். என்னை ரூமுக்குக் கூப்ட்டாரு. டீ குடுத்து, உக்கார வெச்சு, மரியாதையா பேசினாரு. அதான் பயமா கீது. திட்டியிருந்தா கேட்டுக்கினு வந்திருப்பேன். 'உங்க மிஸஸ் நல்லா எழுதறாங்க குணாளன், அந்த ஒரு பேரு இல்லாம இருந்தா இன்னும் நல்லாருக்கும்'னாரு."

"அவரு எந்தக் காலேஜ்ல தமிழ் படிச்சாராம்?" என்றாள் நறுமுகை. அவர்களுடைய ஒரே மகள், பி.காம். இரண்டாம் வருடம். சென்னைக்கு ரயில் பிடிக்க வேண்டிய அவசரத்திலும் இட்லியை நின்றுகொண்டே தின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ட்ரெயினைப் பாரு." குணாளன் அவளை அடக்கிவிட்டு மனைவியிடம் திரும்பினான். "எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் கீது ஹேமா. அதை யோசிச்சியா?"

"யோசிச்சேன். உங்களை இதுல யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எழுதினது நான்."

"எழுதினது நீ! செத்தவன் பேரை எடுத்து புக்குல போட்டியே, அவன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஊருக்கெல்லாம் நியாயம் பேசறியே, கேட்டியா?"



கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனை மேடைகளில் அந்தப் பெயரைக் கணீரென்று படித்திருக்கிறாள்! கைதட்டல் வாங்கியிருக்கிறாள்!

குணாளன் சட்டென்று எழுந்தான். ஜெயித்தவன் முகமாக இல்லை அது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவன்போல, டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

*

பெரியபாளையம் வழியாக, கல்லூரி இருக்கும் திருவள்ளூருக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. வழக்கமாக அங்கே உட்கார்ந்துதான் விடைத்தாள் திருத்துவாள், கவிதையும் எழுதுவாள். இன்று பையையே திறக்கவில்லை.

முதல்வர் வீரராகவன் கெட்ட மனிதர் இல்லை. அவள் உள்ளே போனதும் எழுந்து நின்றே வரவேற்றார்.

"மேடம், உங்க பக்கம் நியாயம் இருக்கு. எங்க பக்கம் நூலகம் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"கவிதையை அப்படியே அச்சுக்கு அனுப்புங்க சார்."

"ஒரு சொல்லு மேடம். 'சடையப்பன்'ங்கிற இடத்துல 'தொழிலாளி'ன்னு போட்டுடலாமே? யோசிச்சுப் பாருங்க, அதுல ஒரு பொதுத்தன்மைகூட வருது."

"பொதுவா யாரும் சாகறதில்ல சார்."

வீரராகவன் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போயாகணும். நீங்களா மாத்திக் குடுத்தா கௌரவமா இருக்கும். இல்லன்னா குழுவைக் கூட்டிக் கவிதையையே எடுக்கற மாதிரி ஆயிடும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள மெயில்ல சொல்லுங்க."

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒருத்தங்களைப் பாத்துட்டு வந்துடறேன். மத்தியானம் எனக்கு லீவு வேணும்."

வாசலுக்கு வந்து குணாளனுக்குப் போன் செய்தாள். "நீங்க சொன்னது சரிதான். நான் கேட்டிருக்கணும். சடையப்பன் ஊரு ஆரம்பாக்கம்தானே, அங்க போறேன். சடையப்பன் வீடு எங்கன்னு யாரையாவது கேட்டுச் சொல்லுங்க."

எதிர்முனையில் மில் இரைச்சலுக்கு நடுவே குணாளன் குரல் கேட்டது.

"வேணாம் ஹேமா."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். அந்தப் பொண்ணு இப்பதான் கொஞ்சம் தேறிக்கினு வருது. நீ போய்க் கிளறாத."

"காலையில நீங்கதான் கேட்டீங்க, கேட்டியான்னு."

"கோவத்துல சொன்னேன்." அதோடு போனை வைத்துவிட்டான்.

*

கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினாள். ஆரம்பாக்கத்தில் பெட்டிக்கடைக்காரரிடம் பெயர் சொன்னதுமே கை நீட்டிக் காட்டினார். "அந்த மில்லுல தூங்கினே செத்துட்டாரே, அவரு ஊடா? ரயில்வே கேட்டைத் தாண்டி, வயலுக்கு இந்தாண்ட மூணாவது ஊடு."

சிமென்ட் ஷீட் போட்ட வீடு. சடையப்பனின் மனைவி ஜோதிலட்சுமி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தடா பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். யூனிஃபார்ம் சேலையைக்கூட மாற்றாமல் துணி அலசிக்கொண்டிருந்தவள், "யாருங்க வேணும்?" என்றபடி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என் பேரு ஹேமாவதி. காலேஜ்ல வாத்தியாரா இருக்கேன். உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு கவிதை எழுதியிருக்கேன். உங்களைக் கேக்காம எழுதிட்டேன். அதான் கேக்க வந்தேன்."

பேருந்து நெடுக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றிருந்தது. அதெல்லாம் போய் இதுதான் வந்தது.

ஜோதிலட்சுமி நாற்காலி போட்டாள். ஹேமாவதி நீட்டிய கவிதைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நானே படிச்சுக்கறேன்." வாய் அசைய ஒரு முறை படித்தாள். பிறகு இன்னொரு முறை. ஹேமாவதி எத்தனையோ பெரியவர்கள் முன்னால் கவிதை படித்திருக்கிறாள். இப்படி ஒருவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

"பேரை எடுக்கச் சொல்றாங்க," என்றாள். "நீங்களும் வேணாம்னா எடுத்துடறேன். வேற யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

"பேரு ஏன் எடுக்கணும்? நல்லா பெரிசா போடுங்க."

ஹேமாவதிக்கு மூச்சு வந்தது. ஆனால் ஜோதிலட்சுமி புத்தகத்தை மூடவில்லை. அவள் விரல் பக்கத்தில் மெதுவாக மேலே ஏறி, இரண்டாவது வரியில் நின்றது.

"இதை யாரு சொன்னா உங்களுக்கு?"

"எதை?"

"கண்ணயர்ந்தான்னு."

ஹேமாவதி அந்த வரியைக் குனிந்து பார்த்தாள்.

"அவரு தூங்கல மேடம். ஒண்ணே காலுக்கு எனக்குப் போன் பண்ணாரு. சாப்பாட்டு நேரத்துல கேட்டாண்ட வந்து பண்ணுவாரு. 'ரேஷன்ல இன்னிக்கு பாமாயில் போடறானாம், இப்பவே போய் நில்லு'ன்னாரு. ஒண்ணு நாப்பதுக்கு ஆளு இல்ல. ரேஷன் க்யூவுலதான் எனக்கு சேதி வந்துச்சு. இருபத்தஞ்சு நிமிஷத்துல எந்த மனுஷன் கிரேனுக்குக் கீழ படுத்துத் தூங்குவான்?"

அவள் குரல் உயரவே இல்லை. பல இடங்களில் பல தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல் அது.

"கிரேன் சங்கிலி அறுந்துச்சு மேடம். அது போற நிலைமையில கீதுன்னு ஒரு வாரமா ஊட்டுக்கு வந்து புலம்பிக்கினே இருந்தாரு. இரும்புக் கட்டைத் திருப்பி விடறதுக்காக நின்னுக்கினு இருந்தப்ப அறுந்து விழுந்துச்சு. கூட இருந்தவங்க ரெண்டு பேரு அன்னிக்கே என்கிட்ட சொன்னாங்க. இப்ப கூப்ட்டா போன் எடுக்கறதில்ல. நஷ்டஈட்டு கேஸ் போட்டிருக்கோம். அந்த ஷிப்டுல இருந்த ஒருத்தராவது வந்து சொன்னாதான் நிக்கும்னு வக்கீலு சொல்றாரு. கேஸ் கெடக்கட்டும் மேடம். என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்து கேக்குது, 'நைனா வேலை செய்யாம தூங்கிட்டாரா'ன்னு. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போயிற்று.

"சங்கும் நிக்கல," என்றாள் ஜோதிலட்சுமி. "ரெண்டு மணிக்கு கரெக்டா ஊதிச்சாம். அவரை அப்பதான் ஆம்புலன்ஸ்ல ஏத்தினு இருந்தாங்களாம். நீங்க அழகா எழுதியிருக்கீங்க. படிக்கிறவங்களுக்கு நல்லாதான் இருக்கும். ஆனா யாரு சொன்னா உங்களுக்கு?"

சொல்லாமல் போய்விடலாம். 'கேள்விப்பட்டேன்' என்று ஒரு சொல் போதும்.

"என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு," என்றாள் ஹேமாவதி. "குணாளன்."

ஜோதிலட்சுமி அவளையே பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"குணாளன் சார் சம்சாரமா நீங்க?" என்றாள். "இவரு தூங்கிட்டாருன்னு ரிப்போர்ட் எழுதினதும் அவருதான். இவரு உயிரோட இருந்தவரைக்கும், ஷிப்டுல அவரு ஒருத்தருதான் நல்ல மனுஷன்னு சொல்லுவாரு."

ஹேமாவதி எழுந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அது இங்கே யாருக்கும் எதற்கும் உதவாது என்று பட்டதால் கேட்கவில்லை.

"அந்த வரியை மாத்தறேன்," என்றாள். "பேரு இருக்கும்."

திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் ஏழு பேர். இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று ஒன்று நினைவு வந்தது. விபத்து நடந்த மூன்றாம் மாதம்தான் குணாளனுக்கு ஜெனரல் ஷிப்டு கிடைத்தது. இனி ராத்திரி கண் விழிக்க வேண்டாம் என்று அவள்தான் சந்தோஷப்பட்டு அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள்.

*

ஆறு மணிக்குக் குணாளன் வந்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு வெள்ளைத் தாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"சடையப்பன் தூங்கிக்கினா இருந்தாரு?" என்றாள்.

"ஹேமா..."

"ஆமான்னு சொல்லுங்க. இல்ல, இல்லன்னு சொல்லுங்க."

குணாளன் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த நறுமுகை அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்தாள்.

"இல்ல," என்றான். "தூங்கல."

"பின்ன ஏன் எழுதினீங்க?"

"நான் எழுதல. டைப் பண்ணி ரெடியா வெச்சிருந்தாங்க. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"என்கிட்டயும் அதையே சொன்னீங்க."

"உன்கிட்ட வேற மாதிரி சொன்னா நீ சும்மா இருப்பியா? எனக்கு உன்னைத் தெரியாதா? ஊட்டுலயும் அதையே சொன்னா ஒருவேளை அதான் உண்மைன்னு எனக்கே ஆயிடும்னு நெனச்சேன். நீ போய் அதைக் கவிதையா எழுதிட்ட. ஒவ்வொரு மீட்டிங்லயும் நீ படிக்கிறப்ப..."

"அப்பா," என்றாள் நறுமுகை. "நீங்க பொய் சொன்னீங்களாப்பா?"

குணாளன் மகளைப் பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஹேமாவதி கத்தியிருக்கலாம். ஆட்டோவில் வரும்போது கத்தத்தான் நினைத்திருந்தாள். ஆனால் உண்மை ஒன்றிருந்தது. இவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான். அவள் அதே பொய்யை அழகாக்கி, ஆயிரம் பிரதி அச்சடித்து, ஊர் ஊராகப் போய்ப் படித்தாள். நாளைக்கு நானூறு பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதப் போகிறார்கள்.

தாளை இழுத்து வைத்துக்கொண்டு எழுதினாள். இரண்டாவது வரியை அடிக்கும்போது பேனா ஒரு கணம் தயங்கியது. இத்தனை வருடத்தில் அவளே மனதார ரசித்த வரி. அடித்தாள். பத்து நிமிடம் கழித்து, யாரையும் பார்க்காமல் படித்தாள்.

"நண்பகல் வெயிலில்
இரும்பின் கீழே விழித்திருந்தான்
சடையப்பன்.
சங்கிலி அறுந்தது.
இரண்டு மணிச் சங்கு
இரண்டு மணிக்கே
ஊதியது."

"முன்ன இருந்த அளவுக்கு நல்லா இல்ல," என்றான் குணாளன் மெல்ல.

"இல்லதான்."

"இது வெளிய வந்தா, ரிப்போர்ட்டுல கையெழுத்து போட்ட என் கதி?"

"உங்க பேரு இதுல இல்ல. அவரு பேரு மட்டும்தான் இருக்கு." அவள் லேப்டாப்பைத் திறந்தாள். "வேலை போனாலும் போகட்டும்னு நான் சொல்லல. பயம் எனக்கும் இருக்கு. ஆனா இதை அனுப்பறேன்."

அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் வீரராகவன் கூப்பிட்டார். "மேடம், இது முன்ன இருந்ததைவிட மோசமா இருக்கே!"

"முன்ன இருந்தது பொய் சார்."

"சங்கிலின்னு எழுதியிருக்கீங்க. கேஸ் நடக்குதுன்னு கேள்வி. இதுக்கு ஆதாரம் கேட்டா நான் யாரைக் காட்டறது?"

"என்னைக் காட்டுங்க. குழுவைக் கூட்டுங்க, நான் வந்து பேசறேன். கவிதையே வேணாம்னு முடிவு பண்ணீங்கன்னா எடுத்துடுங்க. பழசைப் போடறதுக்கு மட்டும் நான் அனுமதி தரல. எழுத்துல அனுப்பியிருக்கேன்."

நீண்ட பெருமூச்சு. "காலையில ஒம்போது மணிக்கு வாங்க. எதையும் உறுதியா சொல்ல முடியாது மேடம்."

"வரேன் சார்."

போனை வைத்தபோது நறுமுகை வந்து அம்மாவின் தோளோடு ஒட்டி நின்றாள். குணாளன் அதே இடத்தில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மில்லிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. திரையைப் பார்த்தான். எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

"ஆதாரம் கேட்டாரா?" என்றான்.

"ஆமா."

"சங்கிலி போயிடும்னு சடையப்பன் வாயால சொன்னது மட்டும் இல்ல ஹேமா. எழுதியே குடுத்தான்." ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். "சங்கிலியில மூணு கண்ணி தேஞ்சிருக்குது, மாத்தலன்னா ஆளு போயிடும்னு, தேதி போட்டு, கையெழுத்து போட்டு. என் கையிலதான் குடுத்தான். மேல அனுப்பலாம்னு பைக்குள்ள வெச்சேன். மறந்துட்டேன். மூணாம் நாளு..."

"அந்தக் காயிதம் எங்க?"

"கிழிக்கச் சொன்னாங்க. கிழிச்சிட்டேன்னு சொல்லிட்டேன்." குணாளன் தலை நிமிர்ந்தான். "கிழிக்கல. என்கிட்டதான் கீது."

ஹேமாவதி அதைக் காட்டு என்று கேட்கவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஜோதிலட்சுமி நாளைக்கு மூணு மணிக்கு வேலை விட்டு வந்துடுவாங்க," என்றாள். "நீங்க கொண்டு போய்க் குடுக்கறீங்களா, நான் குடுக்கட்டுமா?"